பிரெயில்ல ஃபார்மேட் கலைஞ்சு வருதா: எங்கேருந்து தேடணும், எந்த வரிசையில சரி பண்ணணும்

கும்பகோணம் பக்கத்துல இருந்துகிட்டு நான் கேள்வித்தாள், பாடக் குறிப்பு, விவசாயத் துண்டு நோட்டீஸ் வரைக்கும் பிரெயில்ல மாத்திக் குடுக்கறேன். புதுசா இந்த வேலைக்கு வர்ற தம்பி தங்கச்சிங்க மாட்டிக்கற இடம் பெரும்பாலும் ஒண்ணுதான், தப்பு ஒரு இடத்துல இருக்கும், அவங்க வேற இடத்துல உக்காந்து திருத்திக்கிட்டு இருப்பாங்க. அதனால கீழ இருக்கற படிகளோட வரிசைய மாத்தாதீங்க. அச்சு எழுத்த பிரெயிலா மாத்தற டக்ஸ்பரி சாஃப்ட்வேர் வச்சிருந்தாலும் சரி, சாவ் மாய் பிரெயில் மாதிரி இலவச சாஃப்ட்வேர் வச்சிருந்தாலும் சரி, மெனு பேரு மாறுமே தவிர வரிசை மாறாது.

1. உக்காரறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

மூல வேர்டு ஃபைல் வேணும், அது அச்சுல எப்படி இருக்கும்னு காட்டற பிரின்ட் அவுட்டோ பிடிஎஃப்போ கூடவே வேணும். உங்க கம்ப்யூட்டர்ல அந்த ஃபான்ட் இல்லைன்னா ஸ்கிரீன்ல தெரியறது நிஜமான பக்கம் கிடையாது, எது தலைப்பு எது உள்தலைப்புன்னே தப்பா எடுத்துக்குவீங்க.

மூல ஃபைல ஒரு காப்பி எடுத்து தனியா வச்சிட்டு காப்பியில மட்டும் வேலை பாருங்க. நாலு திருத்தம் போட்டப்புறம் இது முதல்லயே இப்படித்தான் இருந்துச்சா, நாம கெடுத்ததான்னு சந்தேகம் வரும், அப்ப ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணு வேணும்.

எம்பாஸர், அதாவது தாள்ல புள்ளி எழுப்பற மெஷின், அதோட மெனுவுக்குள்ள போய் ஒரு வரிக்கு எத்தனை செல் (ஒரு செல்னா 1லேருந்து 6 வரைக்கும் எண் குடுத்த ஆறு புள்ளிக்கான ஒரு கட்டம்), பக்கத்துக்கு எத்தனை வரி, மார்ஜின் எவ்வளவு, ஒரு பக்கமா ரெண்டு பக்கமா, எந்த கேரக்டர் டேபிள் (எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளின்னு மெஷின் வச்சிருக்கற பட்டியல்), இந்த அஞ்சையும் ஒரு அட்டையில எழுதி மெஷின் மேலயே ஒட்டிடுங்க. பாதி பிரச்சினை இந்த அஞ்சு எண்ணும் சாஃப்ட்வேர்ல இருக்கற எண்ணும் ஒத்துப் போகாததாலதான் வருது.

அடுத்து ஒரு சோதனை ஃபைல், இத யாரும் செய்யறதில்ல, ஆனா ரொம்ப நேரம் மிச்சமாகும். நோட்பேட திறந்து ஆங்கில எழுத்துல ஏ முதல் ஜே வரைக்கும் பத்து எழுத்தையும் சின்ன எழுத்தா இடைவெளி இல்லாம அடிங்க, அதையே நாலு தடவை ஒட்டினா 40 எழுத்து ஒரு வரி, அந்த மாதிரி 25 வரி. ஒவ்வொரு வரியோட முதல் எழுத்த மட்டும் ஏ, பி, சின்னு வரிசையா மாத்திக்கோங்க, அப்பதான் எந்த வரி காணாம போச்சுன்னு தெரியும். அத பிஆர்எஃப்னு கடைசியில பேரு குடுத்து சேவ் பண்ணுங்க. பிஆர்எஃப்ங்கறது ஒரு எழுத்துக்கு ஒரு செல்னு இருக்கற சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான், அதனால இது மொழிபெயர்ப்பு எதுவும் இல்லாம நேரா மெஷினுக்குப் போகும். உங்க தாள் ஏ4ன்னா 30 எழுத்து போதும்.

கடைசியா, விரலால வாசிக்கற ஒரு ஆள். கண்ணால புள்ளிய எண்ணி சரி பாக்கறது வேற, வாசிச்சு பாக்கறது வேற. அத பத்தி கடைசி பகுதியில சொல்றேன்.

2. தப்பு எந்த இடத்துல உள்ள வந்துச்சுன்னு முதல்ல பிடிங்க

ஒரு பக்கம் பிரெயிலா வெளிய வர்றதுக்குள்ள நாலு கை மாறுது. வேர்டு ஃபைல், எழுத்த புள்ளியா மாத்தற மொழி டேபிள், செல்லையும் வரியையும் அடுக்கற பக்க அமைப்பு, அப்புறம் எம்பாஸர். வாய்க்கால்ல தண்ணி வரலைன்னா கடைமடையில நின்னு மண்வெட்டி போட்டு பிரயோஜனம் இல்ல, எந்த மதகுல நின்னு போச்சுன்னு பாத்துக்கிட்டே மேல போகணும். இங்கயும் தாள்லேருந்து பின்னாடி நடங்க.

தாள்ல வந்த தப்பு ஸ்கிரீன்ல பிரெயில் பக்கத்துலயும் அதே மாதிரி இருக்கான்னு பாருங்க. ஸ்கிரீன்ல சரியா இருந்து தாள்ல மட்டும் தப்புன்னா எம்பாஸர், 3ஆவது பகுதிக்குப் போங்க. ஸ்கிரீன்லயே தப்புன்னா அடுத்த கேள்வி, எழுத்து தப்பா இல்ல இடம் தப்பா? எழுத்தே வேறயா வருதுன்னா 4, 5. எழுத்து சரி, ஆனா தலைப்பு நடுவுல வரல, பத்தி உள்ள தள்ளி வரலைன்னா 6லேருந்து.

இத செய்யாம விட்டா என்ன ஆகும்னு ஒரு தடவை பாத்தேன். ஒரு பள்ளிக்கூடத்துக்காக வேலை பாத்த தம்பி ஒருத்தன், வரி எல்லாம் பாதியில உடையுதேன்னு ராத்திரி பூரா உக்காந்து அறுபது பக்கத்துல வரிவரியா என்டர் தட்டி சரி பண்ணியிருந்தான். காலையில போய் பாத்தா மெஷின்ல ஒரு வரிக்கு 32 செல்னு இருந்துச்சு, சாஃப்ட்வேர்ல 40. ஒரே ஒரு எண்ண மாத்தியிருந்தா முடிஞ்சிருக்கும், இப்ப அவன் போட்ட என்டர் அத்தனையும் எடுக்க வேண்டியதா போச்சு.

இன்னொரு விஷயம், பிரெயில் பக்கத்துலயே நேரா போய் திருத்தாதீங்க. டக்ஸ்பரியில அச்சு ஃபைல் தனி, பிரெயில் ஃபைல் தனி, நீங்க பிரெயில் ஃபைல்ல எவ்வளவு திருத்தினாலும் அடுத்த தடவை மொழிபெயர்த்தா அது எல்லாம் போயிடும். எப்பவும் மூலத்துல திருத்தி, திரும்ப மொழிபெயர்த்து பாருங்க.

3. எம்பாஸர் கணக்கு

சோதனை ஃபைல அடிச்சு பாருங்க. ஒரு நீள வரி, அடுத்து ஒரு குட்டி வரி, திரும்ப நீள வரின்னு மாறி மாறி வந்தா மெஷினோட வரி நீளம் சாஃப்ட்வேரவிட கம்மின்னு அர்த்தம். மிச்சம் இருக்கற செல்ல அது அடுத்த வரியில தள்ளுது. ஒரு பக்கம் நிறைய, அடுத்த பக்கத்துல ரெண்டு வரி, அதுக்கப்புறம் திரும்ப நிறையன்னு வந்தா வரிகளோட எண்ணிக்கை ஒத்துப் போகல. ஒவ்வொரு பக்கத்துக்கு நடுவுலயும் ஒரு வெத்துத் தாள் வந்தா, பக்கம் ரொம்பினதும் மெஷின் தானா அடுத்த பக்கம் போயிடுது, அதுக்கு மேல ஃபைல்ல இருக்கற பக்க மாற்றக் குறியும் ஒரு தடவை தள்ளுது. சாஃப்ட்வேர்ல பக்கத்துக்கு ஒரு வரி கொறைச்சா பெரும்பாலும் நின்னுடும்.

எத்தனை செல் போடணும்னு நீங்களே கணக்கு போடலாம். ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர், ஒரு வரிக்கு ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலம், அதாவது 35 செல், ரெண்டு பக்க ஓரமும் பைண்டிங்குக்கு விடறதும் போக 30 செல் வச்சா நிம்மதி. உயரம் 297, மேல கீழ விட்டா 26, 27 வரி. பதினொன்றரை அங்குல அகலம், பதினோரு அங்குல உயரத் தாள்ல 40 செல், 25 வரின்னு போடறது வழக்கம். இணையத்துலேருந்து இறக்கின பிஆர்எஃப் பெரும்பாலும் இந்த 40க்கு 25ல அடுக்கினதுதான், அத அப்படியே ஏ4ல அடிச்சா ஒடைஞ்சுதான் வரும். அதுக்கு மருந்து மூல ஃபைல வாங்கி 30க்கு திரும்ப அடுக்கறது மட்டும்தான்.

மார்ஜின ஒரே இடத்துல வைங்க. சாஃப்ட்வேர்லயும் 3 செல், மெஷின்லயும் 3 செல்னு இருந்தா ரெண்டும் கூடி 6 ஆகும், வலது பக்கம் இடிக்கும். நான் மெஷின்ல பூஜ்யம் வச்சிட்டு சாஃப்ட்வேர்ல மட்டும் குடுப்பேன், ஏன்னா சாஃப்ட்வேர்ல வச்சது அந்த ஃபைலோடயே போகும், வேற மெஷினுக்குப் போனாலும் கூட வரும்.

வரி எல்லாம் சரி, ஆனா நிறுத்தக்குறி, சில செல் மட்டும் வேற புள்ளியா விழுதுன்னா மெஷின்ல கேரக்டர் டேபிள் வேற நாட்டுதா இருக்கும், அமெரிக்க டேபிளுக்கு மாத்துங்க. புள்ளிக்கு பதிலா அர்த்தமே இல்லாம பக்கம் பக்கமா கொட்டுதுன்னா விண்டோஸ் அத படமா அனுப்புது. ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி டிரைவர் போட்டு, வேர்டுலேருந்து அடிக்காம பிரெயில் சாஃப்ட்வேரோட எம்பாஸ் மெனுவுலேருந்து அடிங்க.

ஐப்பசி கார்த்திகை அடைமழையில நம்ம பக்கம் இன்னொண்ணு பாக்கணும். தாள் ஈரம் குடிச்சிருந்தா புள்ளி எழும்பாது, விரலுக்கு அடங்கிப் போயிடும், அத பாத்துட்டு எழுத்தே விட்டுப் போச்சுன்னு நெனச்சு சாஃப்ட்வேர்ல தேடிக்கிட்டு இருப்பாங்க. 120லேருந்து 160 ஜிஎஸ்எம் தாள வாங்கி, பிளாஸ்டிக் உறையில கட்டி, தரையில வைக்காம மேல வைங்க. அடிச்ச பக்கத்தையும் அடுக்கி மேல கனம் வைக்காதீங்க.

4. வேர்டு ஃபைல்ல இருக்கற எழுத்து நிஜமாவே தமிழான்னு பாருங்க

இங்கதான் அதிகமா நேரம் போகும். ஸ்கிரீன்ல அழகா தமிழ் தெரியும், மொழிபெயர்த்தா ஆங்கிலக் குப்பையா வரும். டிடிபி கடையில பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சிருப்பாங்க, அதுல உள்ள இருக்கறது ஆங்கில எழுத்து, மேல தமிழ் உருவத்த மட்டும் போர்த்தியிருக்கு. சாஃப்ட்வேர் உருவத்த பாக்காது, உள்ள இருக்கறததான் பாக்கும்.

சோதிக்கறது சுலபம், ஒரு வரிய காப்பி பண்ணி நோட்பேட்ல ஒட்டுங்க. தமிழாவே இருந்தா யூனிகோடு, ஆங்கில எழுத்தா மாறினா பழைய ஃபான்ட். என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒண்ணுல போட்டு யூனிகோடுக்கு மாத்திக்கோங்க. ஒரே ஃபைல்ல ரெண்டு மூணு ஃபான்ட் கலந்து இருக்கும், தலைப்பு ஒரு ஃபான்ட், உள்ளடக்கம் ஒரு ஃபான்ட், அதனால முழுசா ஒரே அடியா மாத்தாம ஃபான்ட் வாரியா பிரிச்சு மாத்துங்க. நடுவுல நிஜமான ஆங்கில வார்த்தை இருந்தா அதையும் சேத்து தமிழா மாத்தி வச்சிடும், அத முன்னாடியே குறிச்சு வச்சுக்கோங்க.

பிடிஎஃப்லேருந்து காப்பி பண்ணதுல வேற வியாதி வரும். கொம்பு எழுத்துக்கு முன்னாடி வந்து நிக்கும், அதாவது கெ-ங்கறது ககரம் அப்புறம் கொம்புன்னு இருக்கணும், ஆனா கண்ணுக்குத் தெரியற வரிசையில கொம்பு முன்னாடி, ககரம் பின்னாடின்னு வந்துடும். பிரெயில்ல உச்சரிப்பு வரிசைதான், மெய் முன்ன, உயிர் பின்ன, அதனால இது மாறினா வார்த்தையே மாறிடும். கேடு, தேர், பெயர் மாதிரி கொம்பும் ஏகாரமும் வர்ற வார்த்தைகள மட்டும் கண்ணுல ஓட்டினா தெரிஞ்சுடும். பத்து இடத்துக்கு மேல இருந்தா திருத்தாதீங்க, அந்தப் பக்கத்த திரும்ப அடிக்கறது வேகம்.

கண்ண ஏமாத்தற எழுத்துகள் சிலது இருக்கு. ஔவையார்னு அடிக்க ஒகரத்துக்குப் பக்கத்துல ளகரத்த போட்டிருப்பாங்க, கௌரவத்துக்கு கெ போட்டு ள போட்டிருப்பாங்க. அச்சுல யாருக்கும் தெரியாது, பிரெயில்ல ஒளவையார்னு ளகரமா விழும், வாசிக்கறவங்க தடுமாறி நிப்பாங்க. கால் போட வேண்டிய இடத்துல ரகரம் போடறதும் அப்படித்தான். ஃபைண்டுல போய் ஒள, கெள ரெண்டையும் தேடி ஒவ்வொண்ணா பாத்து மாத்துங்க, மொத்தமா மாத்தினா ஒளி, கெளுத்தி எல்லாம் கெட்டுப் போகும்.

கொ, கோ மாதிரி எழுத்து ஒரே குறியாவும் இருக்கலாம், கொம்பும் காலும் தனித்தனி ரெண்டு குறியாவும் இருக்கலாம். ரெண்டு குறியா இருந்து உங்க டேபிளுக்கு அது தெரியலைன்னா கெ அப்புறம் ஆ-ன்னு பிரிச்சு போடும். இது ஒரு ஃபைல்ல ஒரு இடத்துல வந்தா பெரும்பாலும் அந்த ஃபைல் பூராவும் இருக்கும்.

அப்புறம் கண்ணுக்கே தெரியாத குறிகள், சேராம பிரிக்கற பூஜ்ய அகலக் குறி, உடையாத இடைவெளி, மறைஞ்சு இருக்கற ஹைஃபன். வாட்ஸ்அப், வெப் பக்கத்துலேருந்து ஒட்டினதுல நிறைய வரும். டேபிளுக்கு தெரியாத குறின்னா சில சாஃப்ட்வேர் அதோட கோடு எண்ணையே பிரெயில்ல எழுதிடும், வார்த்தை நடுவுல ஏதோ எண்ணும் கோடும் வந்தா காரணம் இதுதான். எல்லாத்தையும் நோட்பேட்ல ஒட்டி திரும்ப எடுத்தாலும் இது போகாது, ஏன்னா நோட்பேட் ஃபான்ட், கலர் மாதிரி அலங்காரத்ததான் கழட்டும், குறிய கழட்டாது. அந்தக் குறிய மட்டும் தேர்ந்தெடுத்து காப்பி பண்ணி, ரீப்ளேஸ் பெட்டியில ஒட்டி, வெறுமையா மாத்துங்க.

5. மொழி டேபிளும் எண்ணும்

டாக்குமென்ட்டோட முதன்மை மொழி தமிழ்னு இருக்கான்னு பாருங்க. புதுசா சாஃப்ட்வேர் போட்டா அது பெரும்பாலும் ஆங்கிலம் கிரேடு 2ல, அதாவது சுருக்கெழுத்து முறையில நிக்கும், அதுல தமிழ் ஒண்ணும் வராது இல்ல தாறுமாறா வரும். நடுவுல வர்ற ஆங்கில வாக்கியத்துக்கு மட்டும் மொழி மாத்தற ஸ்டைல் குடுங்க. சின்ன வகுப்பு பிள்ளைங்களுக்குன்னா ஆங்கிலத்த சுருக்கெழுத்து இல்லாத கிரேடு 1ல வைங்க, அவங்க டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

இப்ப சொல்றத தயவு செஞ்சு கவனமா படிங்க, அச்சுல இருந்து வர்ற யாருக்கும் இது தோணாது. பிரெயில்ல எண்ணுக்குன்னு தனி புள்ளி கிடையாது. 3, 4, 5, 6 புள்ளி சேர்ந்த எண் குறிய போட்டுட்டு ஆங்கில ஏ முதல் ஜே வரைக்கும் இருக்கற பத்து செல்லத்தான் எண்ணா வாசிக்கறோம். தமிழ் பிரெயில்ல அ-வுக்கு 1ஓட செல், ச-வுக்கு 3ஓட செல், ஏ-வுக்கு 5, ஹ-வுக்கு 8, இ-க்கு 9, ஜ-வுக்கு 0.

இப்ப வேர்டுல ஒருத்தர் இடைவெளி விடாம 5ஏக்கர்னு அடிச்சிருக்கார்னு வைங்க. வாசிக்கறவர் விரல்ல அது 55க்கர். 3சதவீதம்னா 33தவீதம். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டதுன்னு பாடத்துல இருந்தா, பிள்ளை வாசிக்கறது 19349ல். சில டேபிள் நடுவுல ஒரு பிரிப்புக் குறி போடும், ஆனா அத நம்பி விடாதீங்க, உங்க சாஃப்ட்வேர்ல ஒரு வரி அடிச்சு பாத்துடுங்க.

சரி பண்றது இப்படி. அளவுப் பேருக்கு முன்னாடி எப்பவும் இடைவெளி, 5 ஏக்கர், 8 ஹெக்டேர். ஆண்டுக்குப் பின்னாடி 1934ல் இல்லைன்னா 1934ஆம் ஆண்டில்னு போட்டா பிரச்சினை இல்ல, ஏன்னா ல்-னு போடும்போது மெய்ப்புள்ளிக்கான 4ஆவது புள்ளி முன்னாடி வந்துடும், ஆ-வோட செல்லும் எண் வரிசையில கிடையாது. கேள்வித்தாள் மாதிரி வார்த்தையில கை வைக்கக் கூடாத இடத்துல 1934 இல்னு ஒரு இடைவெளி விட்டு போதும்னு விட்டுடுங்க. ஹைஃபன் போட்டா போதாதான்னு கேப்பாங்க. பழைய ஆங்கில முறையில படிச்சவங்களுக்கு ஹைஃபனுக்குப் பின்னாடியும் எண் தொடர்றதா தோணும், அதனால இடைவெளிதான் பாதுகாப்பு.

6. இடைவெளியும் என்டரும் வச்சு கட்டின பக்கத்த ஸ்டைலுக்கு மாத்துங்க

கன்ட்ரோல் ஷிஃப்ட் 8 அழுத்தினா வேர்டுல மறைஞ்சு இருக்கற குறி எல்லாம் தெரியும். தலைப்ப நடுவுக்கு கொண்டு வர இருபது இடைவெளி, பத்திக்கு ஒரு டேப், பக்கம் மாத்த பதினஞ்சு என்டர், இப்படித்தான் பெரும்பாலான ஃபைல் இருக்கும். அச்சுல அத சரியா வைக்கறது அந்தத் தாளோட அகலம், பிரெயில் தாளோட அகலம் வேற, அதனால அந்த இருபது இடைவெளி தலைப்ப எங்கயோ கொண்டு போய் விட்டுடும்.

முதல்ல வரிக்கு வரி என்டர் இருந்தா எடுங்க. ரீப்ளேஸ்ல பத்திக் குறிக்கு மேல்முனைக் குறியோட ஆங்கில சின்ன பி. அது ரெண்டு சேந்து வர்ற இடம்தான் நிஜமான பத்தி முடிவு, அத @@னு மாத்துங்க, அப்புறம் மிச்சம் இருக்கற ஒத்தைக் குறிய எல்லாம் ஒரு இடைவெளியா மாத்துங்க, கடைசியா @@ஐ திரும்ப பத்திக் குறியா மாத்துங்க. வரிசை மாறி ஒத்தைய முதல்ல மாத்திட்டீங்கன்னா மொத்த ஃபைலும் ஒரே பத்தியா ஒட்டிக்கும். செய்யுள், முகவரி இருக்கற இடத்த இந்த வேலைக்கு முன்னாடியே தனியா வெட்டி வச்சிடுங்க, அங்க வரி உடையறது வேணும்.

அதுக்கப்புறம் தலைப்புக்கு ஹெட்டிங் 1, உள்தலைப்புக்கு ஹெட்டிங் 2, மத்தது சாதாரண பத்தி. பிரெயில்ல பத்தி மூணாவது செல்லுல ஆரம்பிச்சு அடுத்த வரி முதல் செல்லுக்கு வரணும், பட்டியல் இதுக்கு நேர் எதிர், முதல் செல்லுல ஆரம்பிச்சு மிச்சம் மூணாவது செல்லுல தொடரணும். விரல இடது ஓரத்துல மேலேருந்து கீழ இழுத்தாலே எங்க புதுசு தொடங்குதுன்னு தெரியறதுக்குத்தான் இந்த ஏற்பாடு. ஸ்டைல் குடுத்தா சாஃப்ட்வேரே செய்யும், கையால இடைவெளி போட்டா முதல் வரி மட்டும் சரியா இருக்கும், தொடர் வரி தப்பும்.

அடுக்குப் பட்டியல்ல இது நல்லா தெரியும். கல்லணையில பிரியறது காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய். காவிரிக்குக் கீழ குடமுருட்டி, அரசலாறு, வெண்ணாத்துக்குக் கீழ வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு. அச்சுல உள்ள தள்ளி எழுதியிருப்பாங்க. பிரெயில்ல மேல் அடுக்கு முதல் செல், கீழ் அடுக்கு மூணாவது செல், எந்த அடுக்கா இருந்தாலும் தொடர் வரி அஞ்சாவது செல். ஒரு அடுக்குதான்னு நெனச்சு எல்லாத்துக்கும் ஒரே ஸ்டைல் குடுத்துட்டா அரசலாறு கல்லணையில பிரியறதா பிள்ளை படிச்சுடும், இடம் தப்பினா விஷயமே தப்பா போகுது.

பெட்டிக்குள்ள இருக்கற எழுத்த, அதாவது டெக்ஸ்ட் பாக்ஸ், வெளிய எடுத்து பத்தியா போடுங்க. பிரெயில் சாஃப்ட்வேர்ல இறக்கும்போது அது காணாம போகும், இல்ல சம்பந்தமே இல்லாத இடத்துல வந்து உக்காரும், முக்கியமான குறிப்புதான் பெட்டிக்குள்ள இருக்கும்.

7. கேள்வித்தாள்

அ, ஆ, இ, ஈன்னு இருக்கற விடைகள வேர்டு தானா போட்ட எண்ணா இருந்தா பல நேரம் அது 1, 2, 3ன்னு மாறி வரும், சில நேரம் வரவே வராது. அத சாதாரண எழுத்தா மாத்தி கையால அடிங்க. நாலு விடையும் ஒரே வரியில இருந்தா ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா பிரிங்க.

கோடிட்ட இடத்துக்கு இருபது அடிக்கோடு போட்டிருப்பாங்க, ஆங்கில முறையில ஒரு அடிக்கோட்டுக்கே ரெண்டு செல், 40 செல்லும் அதுக்கே போயிடும். நீளம் எவ்வளவா இருந்தாலும் ஒரே ஒரு அடிக்கோடா கொறைச்சுடுங்க. பொருத்துகல ரெண்டு நெடுவரிசையையும் பக்கத்துல பக்கத்துல வைக்காம முதல் பட்டியல் முழுசும், அதுக்குக் கீழ ரெண்டாவது பட்டியல் முழுசும் வைங்க.

ஒரு கேள்வியும் அதோட விடைகளும் ரெண்டு பக்கமா பிரியாம சேத்து வைக்கற ஆப்ஷன் இருந்தா போடுங்க. பரீட்சையில தாள திருப்பித் திருப்பி தடவிக்கிட்டு இருக்கறது அந்தப் பிள்ளைக்குப் போற நேரம்.

8. அட்டவணை

அட்டவணைய வைக்கறதா எடுக்கறதான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி செல்ல எண்ணுங்க, எழுத்த எண்ணாதீங்க. தமிழ் பிரெயில்ல உயிர்க்குறிக்கு ஒரு செல், மெய்ப்புள்ளிக்கு ஒரு செல் தனியா போகும். குறுவை அச்சுல மூணு எழுத்து, பிரெயில்ல 6 செல். கும்பகோணம் 10, மயிலாடுதுறை 11. நெடுவரிசைக்கும் நெடுவரிசைக்கும் நடுவுல ரெண்டு செல் வெறுமையா விடணும். இப்ப 30 செல் தாள்ல பருவம், விதைப்பு, அறுவடைன்னு மூணு நெடுவரிசை வைங்க, செப்டம்பர்ங்கற ஒரு வார்த்தைக்கே 10 செல், ரெண்டு மாசப் பேர் ஒரு கட்டத்துல வந்தா அட்டவணை அங்கயே ஒடைஞ்சுடும்.

அடங்கலைன்னா வரிக்கு வரி பட்டியலா மாத்துங்க. முன்னாடி ஒரு வரியில எந்த வரிசையில விவரம் வருதுன்னு சொல்லிடுங்க: பருவம், விதைப்பு, அறுவடை. அப்புறம் குறுவை: ஜூன்-ஜூலை, செப்டம்பர்-அக்டோபர். அடுத்து சம்பா, அடுத்து தாளடி. எழுத்த சுருக்கி அட்டவணைய காப்பாத்தலாம்னு பாப்பாங்க, நான் அத விரும்பறதில்ல, சுருக்கத்துக்கு விளக்கம் தேடி விரல் முன்பக்கம் போய் வரணும். ஆனா எண் மட்டும் இருக்கற அட்டவணைய, மார்க் பட்டியல் மாதிரி, நெடுவரிசையாவே விடுங்க, மேல கீழ ஒப்பிட அதுதான் வசதி.

9. வரி கடைசியில வார்த்தை உடையறது

தமிழுக்கு வார்த்தை உடைக்கற ஆப்ஷன அணைச்சு வைங்க. காரணம் ரெண்டு. மெய்ப்புள்ளி பிரெயில்ல எழுத்துக்கு முன்னாடி வரும், தப்பான இடத்துல உடைஞ்சா புள்ளி இந்த வரியில, எழுத்து அடுத்த வரியில. ரெண்டாவது, ணகரத்தோட செல்லும் எண் குறியும் ஒண்ணேதான், 3, 4, 5, 6. தமிழ்ல எந்த வார்த்தையும் ணகரத்துல ஆரம்பிக்காததால வழக்கமா குழப்பம் வராது, ஆனா மணி, காணின்னு ஒரு வார்த்தை உடைஞ்சு ணி மட்டும் அடுத்த வரி தொடக்கத்துல வந்தா அது 9. மெஷின் வரி நீளம் கம்மியா இருந்து வலுக்கட்டாயமா வெட்டினாலும் இதே கதி, 3ஆவது பகுதிய முதல்ல முடிக்கச் சொன்னது இதுக்கும் சேத்துத்தான்.

பக்க எண்ணுக்கு மேல் வரியோ கீழ் வரியோ ஒண்ணுதான் வைங்க. அச்சுப் பக்க எண்ணும் வேணும்னா அதுக்கு எதிர் மூலைய குடுங்க. வகுப்புல டீச்சர் 42ஆம் பக்கம் எடுங்கன்னு சொல்றது அச்சுப் பக்கத்தத்தான், பாடப் புத்தகத்துல அது இல்லைன்னா பிள்ளை எல்லாருக்கும் பின்னாடிதான் வந்து சேரும்.

10. விரலால வாசிக்க விடுங்க

முழுசா அடிக்கறதுக்கு முன்னாடி மூணு பக்கம் மட்டும் அடிங்க, முதல் பக்கம், அட்டவணையோ எண்ணோ அதிகமா இருக்கற ஒரு பக்கம், கடைசிப் பக்கம். ரெண்டு பக்கமும் அடிக்கறதா இருந்தா அந்த மூணையும் ரெண்டு பக்கமாவே அடிங்க, பின்பக்கப் புள்ளி முன்பக்கத்துல இடிக்குதான்னு அப்பதான் தெரியும்.

எங்களுக்கு வாசிச்சுத் தர்ற அண்ணன் ஒருத்தர் பாபநாசத்துலேருந்து பஸ்ஸுல வருவார். அவர்கிட்ட மூல ஃபைல்ல என்ன இருக்குன்னு முன்கூட்டி சொல்ல மாட்டேன், சொன்னா மனசு தப்ப தானா திருத்தி வாசிச்சுடும். சத்தமா வாசிக்கச் சொல்லிட்டு நான் பிரின்ட் அவுட்ட கையில வச்சுக்கிட்டு பின்தொடர்வேன், அவர் எங்க விரல பின்னாடி இழுத்து ரெண்டாவது தடவை தடவறாரோ அந்த வரிய குறிச்சுக்குவேன், எழுத்து சரியா இருந்தாலும் குறிப்பேன், ஏன்னா அங்க அமைப்புல ஏதோ இடறுது.

குறிச்சத எல்லாம் மூல வேர்டு ஃபைல்ல திருத்தி, திரும்ப மொழிபெயர்த்து, திருத்தின பக்கத்தோட அதுக்கு அடுத்த பக்கத்தையும் பாத்துடுங்க. ஒரு வரி கூடினாலும் பின்னாடி இருக்கற பக்கம் எல்லாம் நகரும், முன்னாடி சரியா நின்ன தலைப்பு ஒண்ணு பக்கத்தோட கடைசி வரியில தனியா மாட்டிக்கிட்டு நிக்கும்.